அம்மாவின் முடிச்சும் யக்ஷியும்

வணக்கம் சார்,

மிருணாளினி முகர்ஜியின் கயிற்றுச் சிற்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். என் அம்மா முப்பது வருஷமாக ஒயர் கூடை பின்னுகிறார். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்செல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். அவர் போட்டால் கைவேலை, இவர் போட்டால் சிற்பமா? பெரிசாகச் செய்தால் கலையாகிவிடுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அம்மாவிடம் படத்தைக் காட்டினீர்களா? முடிச்சு எங்கே இறுகுகிறது, மிருணாளினி எங்கே தளர விட்டு மடிப்பாக்கியிருக்கிறார் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

மிருணாளினியையும் இந்தக் கேள்வி விடவில்லை, இது வெறும் மேக்ரமே, அதாவது அலங்கார முடிச்சு வேலை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கையில் இருந்தது சாயம் தோய்த்த சாதாரண நார்க்கயிறுதான். தறி கிடையாது, முன்கூட்டி வரைந்துகொள்வதும் கிடையாது, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவார், ஒன்று முடிய மாசக்கணக்காகும். கூடை பின்ன உட்காரும்போதே வாய் எவ்வளவு அகலம், பிடி எங்கே என்பது அம்மாவுக்குத் தெரியும் இல்லையா, ஏனென்றால் அதில் நாளைக்குக் காய்கறி வாங்கப் போகிறோம். மிருணாளினி 1984இல் செய்த 'யக்ஷி' என்ற கயிற்றுச் சிற்பத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது பூவிதழா, சேலைக் கொசுவமா, உடம்பா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. அளவைச் சுருக்கினாலும் அந்தக் குழப்பம் போகாது.

பரோடாவில் கலை படித்தபோது மிருணாளினிக்கு வாத்தியார் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், அப்புறம் சாந்திநிகேதனில் மிருணாளினியின் அப்பா, ஓவியர் பினோத் பிஹாரியிடமே படித்தவர், நடுவில் கைத்தறி வாரியத்திலும் வேலை பார்த்தார். கலை ஒரு பக்கம், கைவினை ஒரு பக்கம் என்று அவர் பிரித்ததே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர் கிராமம் அமைத்த நம் சோழமண்டலத்து ஓவியர்களும் மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி விற்றுத்தானே வயிற்றைக் கழுவினார்கள்!

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம். மியூசியத்தில் 'யக்ஷி'க்குப் பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கும். கூடையோ கடையில் வெறும் கூடையாகத் தொங்கும், பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்து வாங்கிப் போவோம், நானும்தான்.

சரி, படத்தைக் காட்டிவிட்டு அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.