சட்டம் கேளுங்க: ‘நீ என்ன பர்மனன்ட்டா’ன்னு கேட்டா என்ன சொல்றது?

கேள்வி: மண்டபம் பக்கத்துல ஒரு இறால் கம்பெனில 6 வருஷமா தலை கிள்ளுற வேலை பாத்தேன். கிலோ கணக்குதான், சராசரியா நாளைக்கு 450 ரூபா விழும். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு ஜூன்ல போனா வாட்ச்மேன் கேட்லயே நிறுத்தி, உன் பேரு லிஸ்ட்ல இல்லைன்னுட்டாரு. சூப்பர்வைசருக்கு போன் போட்டா, வருஷத்துல ரெண்டு மாசம் வேலையே இல்ல, நீ என்ன பர்மனன்ட்டா, ஒரு பேப்பர் காட்டுங்கிறாரு. எங்கிட்ட பேப்பர் ஒண்ணும் இல்ல. வழி இருக்கா? (பேர் வேண்டாம், மண்டபம்)

பதில்: இருக்குக்கா. இந்த ‘பர்மனன்ட்’ங்கிற ஒத்த வார்த்தைய வச்சே நம்ம கடக்கரைல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, ஆனா சட்டம் உங்ககிட்ட கேக்குறது அத இல்ல, 12 மாசத்துல 240 நாள் வேலை பாத்தீங்களாங்கிறதத்தான். 1947 தொழில் தகராறு சட்டம் போயி 2025 நவம்பர் 21-லேருந்து தொழில் உறவுகள் தொகுப்பு வந்தாச்சு, ஆனா அந்த 240 மாறல. கிலோ கணக்குக்குக் கூலி வாங்குறவங்களும் தொழிலாளிதான், பீஸ் ரேட்டுக்கு தச்சுக் குடுத்த டெய்லருங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1973-லயே இத சொல்லிருச்சு.

இப்ப கணக்குப் போடுங்க. தடைக்காலம் ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். மிச்சம் 304. அதுல ஞாயித்துக்கிழமைய எல்லாம் கழிச்சாலும் 260 நாள் கிட்ட நிக்குது, இடையில காச்சல், கல்யாணம், திருவிழான்னு கொஞ்சம் லீவு போட்டிருந்தாலும் 240 தாண்டும். அதுபோக, உங்க தப்பு எதுவும் இல்லாம வேலை நின்னுச்சுன்னா அதனால சர்வீஸ் அறுந்துபோகாதுன்னு சட்டத்துலயே இருக்கு. போட்டக் கரையில கட்டச் சொன்னது அரசாங்கம், நீங்களா சொன்னீங்க?

கம்பெனி அடுத்து, நாங்க சீசன் கம்பெனின்னு சொல்லும். அதுக்கும் ஒண்ணு கவனிங்க, தடைக்காலத்துல பண்ணையிலேருந்து வனாமி இறால் லாரில வந்து இறங்குச்சா, உள்ள வேலை நடந்துச்சா? நடந்திருந்தா அது எப்படி சீசன் கம்பெனி? வெளிய நின்ன லாரிய பாத்தவங்க யாருன்னு கேட்டு வைங்க. உங்களுக்கப்புறம் சேந்தவங்க உள்ள இருக்காங்களான்னும் பாருங்க, ஆள் குறைக்கிறதா இருந்தா ஒரே மாதிரி வேலைல கடைசியா வந்தவங்களத்தான் பொதுவா முதல்ல அனுப்பணும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? ஆள் குறைப்புன்னா ஒரு மாச நோட்டீஸ், இல்லாட்டி ஒரு மாச சம்பளம், அதோட முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. உங்க கணக்குக்கு 450 பெருக்கல் 15 பெருக்கல் 6, அதாவது 40,500 ரூபா. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா 5 வருஷம் தாண்டினதுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, அதுவும் ஏறக்குறைய இதே தொகை வரும் (சீசன் கம்பெனின்னு நிரூபிச்சுட்டா சீசனுக்கு 7 நாள்தான், அதுக்குத்தான் அந்த வனாமி லாரி). இதக் குடுக்காம கேட்ட மூடினது செல்லாது.

பேப்பர் இல்லைங்கிறீங்க. கிலோ எழுதி வச்ச நோட்டு, டோக்கன், ஜிபேல கூலி வந்த மெசேஜ், சூப்பர்வைசரோட வாட்ஸ்அப் வாய்ஸ், பி.எஃப். பிடிச்சிருந்தா பாஸ்புக், எல்லாமே சாட்சிதான். 240 நாள் வேலை பாத்தத நிரூபிக்கிற பொறுப்பு நம்ம மேலதான் இருக்கு, ஆனா மஸ்டர் ரோல (கம்பெனியோட வருகைப் பதிவேடு) கொண்டுவரச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம், 2005-ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே அந்த வழி இருக்கு. இன்னைக்கு ராத்திரியே உக்காந்து தேதி தேதியா ஒரு நோட்டுல எழுதுங்க, கூட வேலை பாத்த ரெண்டு பேரு நம்பரும் வாங்கி வைங்க, நாளாச்சுன்னா அவங்களே பயந்து பின்வாங்கிருவாங்க.

அப்புறம் கம்பெனிக்கு பதிவுத் தபால்ல, வேலைக்கு வந்தேன் உள்ள விடல, வேலை குடுங்கன்னு ஒரு லெட்டர். ராமநாதபுரம் தொழிலாளர் துறை ஆபீஸ்ல சமரசத்துக்கு மனு. 45 நாள்ல பேசி முடியலைன்னா 90 நாளைக்குள்ள தீர்ப்பாயம். எதுவானாலும் 2 வருஷம் தாண்ட விடாதீங்க. வக்கீலுக்குக் காசு வேணாம், பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அடிங்க. உள்ளதச் சொல்லிடுறேன், திரும்ப வேலைன்னு கேளுங்க, ஆனா தினக்கூலி கேஸ்ல வேலைக்குப் பதிலா ஒரு தொகையக் குடுத்து முடிக்கிறதும் நிறைய நடக்குது.

கேள்வி: ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல 8 மாசம் இருந்தேன், 18 பேரு வேலை பாக்குற இடம். கவுண்டர்ல 12,000 குறையுதுன்னு என்னைய நிறுத்திட்டாங்க, அந்த மாச சம்பளமும் தரல, கேட்டா போலீஸ்ங்கிறாங்க. (ஒரு தம்பி, தங்கச்சிமடம்)

பதில்: தம்பி, காசு எடுத்தியா இல்லையாங்கிறது அப்புறம், மொதல்ல விசாரிச்சாங்களா? குற்றம் என்னன்னு எழுதிக் குடுத்து, உன் பதில வாங்கி, சாட்சிய பதிவு பண்ணித்தான் அனுப்பணும். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 41-ஆம் பிரிவு இது, தங்கும் விடுதியும் அதுல வரும், 6 மாசம் தாண்டினாலே உனக்குப் பாதுகாப்பு இருக்கு. ஆனா அப்பீலுக்கு 30 நாள்தான் டைம், தயவுசெஞ்சு அத விட்றாத. நிறுத்தினா ரெண்டு வேலை நாளைக்குள்ள சம்பளத்த செட்டில் பண்ணணும். போலீஸுக்குப் போறதுன்னா போகட்டும், அதுக்குப் பயந்து ‘நானா விலகுறேன்’னு மட்டும் எழுதிக் குடுத்துறாத. குடுத்துட்டியா? அப்ப இன்னைக்கே, மிரட்டி வாங்கினாங்கன்னு பதிவுத் தபால் போடு.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்க காக்கா (அண்ணன்) துபாய்ல 7 வருஷமா ஒரு கம்பெனில. சம்பளம் மூணு மாசம் இழுத்தாங்கன்னு அங்க உள்ள தொழிலாளர் அமைச்சகத்துல புகார் பண்ணுனாக, உடனே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. எல்லாம் வாங்கிட்டேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்குறாங்களாம். (கீழக்கரை வாசகர்)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். அந்த ஊர் சட்டம்தான் இதுக்கு, ராமநாதபுரத்துல கேஸ் போட முடியாது. புகார் பண்ணினதுக்காகவே நிறுத்தினாங்க, அந்தப் புகாரும் உண்மைன்னு நிரூபணம் ஆனா அது அநியாய நீக்கம், மூணு மாச சம்பளம் வரைக்கும் நஷ்டஈடு. சர்வீஸ் பணம் தனி, மொத 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் வீதம், அதுக்கு மேல வருஷம் 30 நாள் வீதம், அப்ப காக்காவுக்கு 165 நாள் அடிப்படைச் சம்பளம் வரணும். நோட்டீஸ் குறைஞ்சது 30 நாள். பாக்கி எல்லாத்தையும் வேலை முடிஞ்சு 14 நாளைக்குள்ள குடுத்துறணும், குடுக்கலைன்னா அதே அமைச்சகத்துலயே மனு, 50,000 திர்ஹாம் வரைக்கும் அவங்களே முடிவு பண்ணலாம். காசு கைக்கு வராம அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடவேணாம்னு காக்காவுக்கு இப்பவே ஒரு வாய்ஸ் அனுப்புங்க.