லேன் வயரில் நெட் விட்டுவிட்டு வருகிறதா? ஃபார்மேட் அடிப்பதற்கு முன் பின்பக்க விளக்கைப் பாருங்கள்

"பழைய டெஸ்க்டாப்பில் லேன் வயர் வழியாக நெட் விட்டுவிட்டு வருகிறது, ஃபோனில் வைஃபை நன்றாக இருக்கிறது, விண்டோஸை ஃபார்மேட் செய்தால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குச் செய்யாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொதுச் சேவை மையம் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: மோடம் வாசல் பக்கம், கம்ப்யூட்டர் உள் அறையில், நடுவில் ஓட்டுச் சார்ப்பை ஒட்டி ஓடும் நீள வயர்.

2021 நவம்பர். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிய 15ஆம் தேதி கடைசி நாள். தீபாவளி முடிந்ததும் பிடித்த மழை, நட்ட வயலெல்லாம் தண்ணீர். அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகலை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். திடீரென்று திரை மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டு நிமிடம் வரும், ஐந்து நிமிடம் போகும். ஒருவருடைய சர்வே எண்ணை அடித்து முடிப்பதற்குள் அறுந்துவிடும். "தம்பி, இன்னிக்குள்ள ஏத்திடுவியாப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாவும்" என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்தது. அவர் கடையில் நெட் வந்ததாம். என் அறையில் மாட்டினால் அதே சிவப்புக் குறி. டி டிரைவில் நான் வைத்திருந்த எட்டு வருட மனுக்கள், ஊர்க்காரர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்த ஒப்பந்தங்கள், என் அப்பாவின் பழைய ஃபோட்டோக்கள், ஒன்றும் இல்லை. அழிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அன்று இரவுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். சிபியூவின் பின்னால் லேன் வயர் செருகும் துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு இருக்கும். அது எரிந்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன என்று அர்த்தம். என்னுடையது அணைந்து அணைந்து எரிந்தது. சிபியூவை வாசலுக்குத் தூக்கிப் போய், மோடத்தோடு வந்த குட்டி வயரைப் போட்டேன். விளக்கு நின்று எரிந்தது, நெட் அறுபடவே இல்லை. ஆக, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, மோடம் நன்றாக இருக்கிறது. நடுவில் ஓடும் வயர்தான்.

வயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பின்னைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஓட்டுத் தண்ணீர் சொட்டும் இடத்தில் எலி உறையைக் கடித்திருந்தது, அங்கே அலுமினியம் பொடிந்துகொண்டிருந்தது. ஒரு முனையில் ஜோடி ஜோடியாகக் கம்பிகளை முறுக்கிவிட்டு மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் பச்சை ஜோடி மட்டும் சத்தம் கொடுக்கவில்லை, அதாவது நடுவில் அறுந்திருந்தது.

அந்த மழையில் புது வயருக்கு எங்கே போவது? என் கம்ப்யூட்டரில் லேன் வயர் செருகும் கார்டு பழையது, 100 எம்பிபிஎஸ் வேகம் மட்டும்தான். அதற்கு எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். பச்சை ஜோடி உட்காரும் 3, 6 இடங்களில், இரண்டு முனையிலும், சும்மா கிடந்த பழுப்பு ஜோடியை வைத்து, புதுப் பின்னை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). விளக்கு எரிந்தது. 15ஆம் தேதி ராத்திரிவரை அறுபடவில்லை. அந்தப் பெரியவரின் ரசீதையும் எடுத்துக் கொடுத்தேன். நெட்வொர்க் படித்தவர்கள் இது முறையல்ல என்பார்கள், தெரியும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும், இப்படிச் செய்தால் அந்த வேகம் வராது. அவசரத்துக்குச் செய்தேன், அடுத்த மாதமே முழுச் செம்பு வயர் வாங்கி பிவிசி குழாய்க்குள் விட்டுவிட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருந்த நவம்பர் நடுவிலா அந்த வருடம் கடைசித் தேதி வைப்பது? கரண்ட் இல்லை, நெட் இல்லை, வயலில் தண்ணீரை வடிப்பதா வரிசையில் நிற்பதா என்று ஆட்கள் தவித்தார்கள். பத்து நாள் தள்ளிக் கொடுத்திருந்தால் யாருக்கு நட்டம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு நிலையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் (ஸ்டார்ட் மெனுவில் cmd என்று தேடினால் வரும் கறுப்புத் திரை) ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்துப் பாருங்கள். அதில் தெரியும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கம்ப்யூட்டருக்கான எண்) 169.254 என்று ஆரம்பித்தால் மோடம் உங்களுக்கு முகவரி கொடுக்கவில்லை. வயரை மோடத்தின் வேறு துளையில் மாற்றி, மோடத்தை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியோடு அது ஒத்துப்போகாது. காசு அளவு பேட்டரி, மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் போதும். குட்டி வயரிலும் விளக்கே எரியவில்லை என்றால் இடி மின்னலில் லேன் போர்ட் (வயர் செருகும் அந்தத் துளை) போயிருக்கலாம். அப்போதும் ஃபார்மேட் வேண்டாம், தனி லேன் கார்டு ஒன்று மாட்டினால் ஆயிற்று.

விண்டோஸ் 7 வைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு வேலை; ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு நிதானமாகச் செய்யலாம்.

முதலில் சிபியூவை மோடம் பக்கத்தில் வைத்து, குட்டி வயரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். மேற்கொண்டு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.