சண்டை நேரத்துல ஒதுங்கி நின்ன வக்கீல், பேச்சுல இருந்து வெட்டிடவா?

கேள்வி: சார், நான் லா காலேஜ் மூணாவது வருஷம். பேச்சுப் போட்டிக்கு 1670 புஷெல் கேஸ் எடுத்திருக்கேன், ஜட்ஜ் விரும்பாத முடிவ சொன்னதுக்காக ஜூரிய (வழக்கக் கேட்டு முடிவு சொல்ற பொதுஜனக் குழு) தண்டிக்கலாமாங்கற கேஸ். தீர்ப்பு சொன்ன ஜான் வாகன் பத்தி தேடினா, ராஜாவும் பார்லிமென்ட்டும் மோதிக்கிட்ட இங்கிலாந்து உள்நாட்டுப் போர் நேரத்துல மனுஷன் வேல்ஸ்ல தன் நிலத்தோட போய் உட்கார்ந்துட்டாராம். "பயந்தாங்கொள்ளி, அந்தப் பகுதிய வெட்டிடு"ங்கறான் ரூம்மேட். வெட்டிடவா?

பதில்: வெட்டாதே தம்பி. எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான்.

வாகனுக்கு ஊர் இஸ்த்வித் ஆத்தோரம் ட்ராஸ்கோய்ட். லண்டன்ல வக்கீல் தொழில், செல்டன் மாதிரி பெரிய படிப்பாளியோட சிநேகம், வர்ற காசுல ஊர்ல நிலம். 1630ல எசெக்ஸ் பிரபுகிட்ட இருந்து பழைய மடத்து நிலங்கள மொத்தமா வாங்கிப் போடறார். 1642ல சண்டை வந்தப்போ பார்லிமென்ட் படைக்குத் தளபதி யாருன்னு நினைக்கற, அதே எசெக்ஸ்தான். வாகன் ஊரச் சுத்தி இருக்கற கார்டிகன்ஷயர் மாவட்டமோ ராஜா பக்கம். வாகனுக்கு ராஜா பண்ற அடாவடியும் பிடிக்காது, ராஜாவ எதிர்த்துப் படை திரட்டறதும் பிடிக்காது, அதனால எம்.பி.யா இருந்த பார்லிமென்ட்ட விட்டுட்டு ஊருக்குக் கிளம்பிட்டார். சும்மா விட்டாங்களா? 1645ல சீட்டையே பறிச்சுட்டாங்க. அப்புறம் ராஜா இல்லாம குடியரசுன்னு ஆண்டவங்க கீழயும் ஜட்ஜ் பதவி எதுவும் ஏத்துக்கல, சீட்டு போனதுல இருந்து கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம் ஒதுங்கியே இருந்தார்.

பயந்தாங்கொள்ளியான்னு பாக்கணும்னா அதே வேல்ஸ்ல இருந்து வந்த இன்னும் ரெண்டு வக்கீல பக்கத்துல வச்சுப் பாரு. கிளமார்கன்காரர் டேவிட் ஜென்கின்ஸ், ராஜாவோட ஜட்ஜ், 1645ல ஹெரஃபோர்டுல பார்லிமென்ட் படைகிட்ட மாட்டினார், 1648ல பார்லிமென்ட்டோட காமன்ஸ் சபை முன்னாடி மண்டி போட மாட்டேன்னு நின்னதுக்கு 1000 பவுண்டு ஃபைன், வருஷக்கணக்கா ஜெயில். இந்தப் பக்கம் ஜான் க்ளின், குடியரசுத் தலைவரா இருந்த கிராம்வெல் ஆட்சில தலைமை நீதிபதி, 1660ல ராஜாட்சி திரும்பி வந்ததும் புது ராஜாவுக்கே வக்கீல்! 1661 பட்டாபிஷேக ஊர்வலத்துல குதிரை அவர் மேலயே விழுந்து சாகக் கிடந்தப்போ ஜனங்க சந்தோஷப்பட்டாங்கன்னு அந்தக் காலத்து லண்டன் அதிகாரி பீப்ஸ் டைரில எழுதி வச்சிருக்கார். ஜென்கின்ஸ் மாதிரி நிக்க எல்லாராலயும் முடியாது, க்ளின் மாதிரி தாவ நிறைய பேரால முடியும். வாகன் ரெண்டுமே பண்ணல.

அதுக்காக அவர உத்தமராக்கிடாதே. திமிரு பிடிச்ச ஆளுன்னுதான் பேரு, ராஜாவோட பெரிய மந்திரியா இருந்த பழைய சிநேகிதர் க்ளாரண்டன் மாட்டினப்போ 1667ல அவர் மேல குற்றம் சாட்டறதுல முன்னாடி நின்னவரும் இவர்தான். மறு வருஷம் காமன் ப்ளீஸ்ங்கற லண்டன் சிவில் கோர்ட்டுக்குத் தலைமை நீதிபதி.

இப்ப உன் கேஸுக்கு வா. தெருவுல பிரசங்கம் பண்ணின வில்லியம் பென், அவர்கூட இருந்த வில்லியம் மீட் ரெண்டு பேரையும் தண்டிக்க மாட்டோம்னு ஜூரி சொல்றாங்க, சோறு தண்ணி நெருப்பு இல்லாம ராத்திரி பூட்டி வச்சும் மாத்தல, ஜூரில ஆளுக்கு 40 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) ஃபைன், கட்டாத ஜூரிக்காரர் எட்வர்ட் புஷெல் ஜெயில்ல. வாகன் அவர விடுதலை பண்றார். ஒரே சாட்சியத்தக் கேட்டு ரெண்டு பேர் நேர்மையாவே வேற வேற முடிவுக்கு வரலாமே, ஜட்ஜ் நினைச்சதயே ஜூரியும் சொல்லணும்னா ஜூரி எதுக்குன்னு கேக்கறார். சண்டைல ரெண்டு பக்கமும் "எங்க பக்கம் வராதவன் துரோகி"ன்னு சொன்ன காலத்த வீட்ல உட்கார்ந்து பாத்த மனுஷன் இத எழுதறார்னு நான் படிச்சுக்கறேன். இது என் ஊகம், மேடைல ஊகமாவே சொல்லு, நடுவர் கேட்டா மாட்டிக்காதே.

குதிரைக் கதைய மட்டும் விட்டுடு, அஞ்சு நிமிஷத்துல இடம் இருக்காது. இன்னொண்ணு, நெட்ல தேடறப்போ தாமஸ் புஷெல்னு ஒருத்தர் வருவார், 1630கள் கடைசில அபெரிஸ்ட்வித் கோட்டைல ராஜாவுக்கு வெள்ளிக்காசு அடிச்சவர், வாகன் ஊருக்குப் பக்கத்துலயேதான். ஜூரி புஷெல் வேற ஆளு, ஸ்லைடுல அவர் படத்தப் போட்டுடாதே.