நான்கு பக்கக் கடிதமும் 448 பக்க அறிக்கையும்

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரித்த ராபர்ட் முல்லரின் அறிக்கையிலும், அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) வில்லியம் பார் தன் கடிதத்தில் மேற்கோள் காட்டிய அதே வாக்கியம் இருக்கும்போது பார் மீது மக்கள் ஏன் கொதித்தார்கள், செமினாரில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாக்கியத்தையே காட்டுங்கள், போதும்.

2019 மார்ச் 24 அன்று அறிக்கையின் முடிவுகளைச் சுருக்கி பார் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில், டிரம்ப் பிரசாரக் குழுவினர் ரஷ்ய அரசுடன் சதி செய்ததாக விசாரணை நிறுவவில்லை என்ற மேற்கோள் இருக்கிறது. அதன் முதல் எழுத்தைச் சுற்றி ஒரு சதுர அடைப்புக்குறி. வாக்கியம் பாதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். (அன்றைக்கு அதை யார் கவனித்தார்கள்!) ஏப்ரல் 18 அன்று 448 பக்க அறிக்கை வெளியானபோது, அங்கங்கே கறுப்பு மை பூசியிருந்தாலும், வெட்டப்பட்ட முன்பாதி கிடைத்துவிட்டது: டிரம்ப் ஜெயித்தால் தனக்கு லாபம் என்று கருதி ரஷ்யா அதற்காக வேலை செய்தது, திருடி வெளியிடப்பட்ட தகவல்களால் தேர்தலில் ஆதாயம் வரும் என்று பிரசாரக் குழுவும் எதிர்பார்த்தது. ஆனாலும் சதி நிறுவப்படவில்லை. பொய் என்று சொல்ல முடியாது; ஆனால் முழுதாகப் படித்தால் தொனியே வேறு.

இடைப்பட்ட மூன்றரை வாரமும் டிரம்ப் தரப்பு "முழு விடுதலை" என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கடிதம் தன் பணியின் சாரத்தை முழுமையாகச் சொல்லவில்லை என்று முல்லரே மார்ச் 27 அன்று பாருக்கு எழுதியிருந்ததும் ஏப்ரல் கடைசியில்தான் வெளியே வந்தது.

சரி, "கட்சிக்காரர்கள் கத்தல்தானே" என்று யாராவது மடக்கினால், நீதிபதி ரெஜி வால்டனைச் சொல்லுங்கள். குடியரசுக் கட்சி அதிபர் புஷ் நியமித்தவர். பாரின் பேச்சு திசைதிருப்பக்கூடியது என்று 2020 மார்ச்சில் உத்தரவிலேயே எழுதினார்.