பதில்: அம்மாவுக்கு மூளையில ஸ்டென்ட், பார்வை போயிடுமா?

தம்பி, அம்மாவுக்கு கண்ணுக்குப் பின்னால உள்ள ரத்தக்குழாய்ல 9 மில்லிமீட்டர் வீக்கம், ஸ்டென்ட் வச்சா பார்வை போயிடுமோன்னு கேட்டிருந்தீங்க. எங்க அக்காவுக்கும் அதே எடம்தான், ஹட்டன்லயிருந்து பஸ்ல அலைஞ்சு அலைஞ்சு செஞ்சோம்.

இது நெஞ்சுக்கு வைக்கிற ஸ்டென்ட் மாதிரி இல்ல, நெருக்கமா பின்னின வலை, ரத்தம் வீக்கத்துக்குள்ள போறது கொறைஞ்சு அது உள்ளயே உறைஞ்சு மெதுவாதான் மூடும். பெரிய வீக்கங்களுக்கு பைப்லைன்ங்கிற இந்த மாதிரி வலை ஸ்டென்ட் வச்சு செஞ்ச ஆய்வுல ஒரு வருசத்துல கிட்டத்தட்ட 87 சதவீதம் முழுசா மூடியிருந்துச்சு. கண்ணுக்குப் போற குழாய் அங்கதான் பிரியுது, வலை அதோட வாயையும் மறைக்கலாம், ஆனா பெரும்பாலானவங்களுக்கு ரத்தம் அதுலயே போகும், இல்லாட்டி முகத்துப் பக்கக் குழாய்கள்லயிருந்து வந்து சேரும். ரத்தக்கட்டி போய் கண்ணுல அடைச்சா அதுதான் பயம். வீக்கம் கண் நரம்ப அழுத்தினா, சும்மா விட்டாலும் பார்வை கெடும்.

ஸ்டென்ட் வச்ச பொறகு அக்காவ தெனமும் ஒரு கண்ண பொத்திக்கிட்டு செவுத்து கலண்டர வாசிக்கச் சொல்லுவோம், மூணாம் நாள் 17ங்கிற நம்பர் பாதி மறையுதுன்னு சொன்னாங்க, ஒடனே கொண்டு போனோம், இப்ப அந்த மறைப்பு நல்லா கொறைஞ்சிருச்சு.

ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை ரெண்டையும் நீங்களா நிப்பாட்டிறாதீங்க, பல்லு புடுங்கப் போனாலும் மொத ஸ்டென்ட் வச்ச டாக்டர்ட கேளுங்க. ஸ்டென்ட் வைக்க முன்னாடியே கண் கிளினிக்ல விஷுவல் ஃபீல்ட் டெஸ்ட் (சுத்தி எவ்வளவு தூரம் பார்வை தெரியுதுன்னு பாக்குறது) எடுத்து வச்சிருங்க தம்பி.