கன்சோலை ஏஜெண்ட்டே படிக்கட்டும், உங்கள் குரோமில் மட்டும் வேண்டாம்

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை, பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்குப் பால்குட ஆர்டர் எடுக்க ஓர் இணையப் பக்கம் செய்தேன். நிரலைப் பெரும்பாலும் எழுதியது ஏ.ஐ. ஏஜெண்ட்தான். 'ஆர்டர் செய்' பொத்தான் சில சமயம் வேலை செய்வதில்லை. ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் "சரிசெய்துவிட்டேன்" என்கிறது. நான் எஃப்12 அழுத்தி, உலாவி பிழைகளைக் காட்டும் கன்சோலில் தெரியும் சிவப்பு எழுத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அதுவே கன்சோலைப் படிக்க வழி உண்டா? என் வங்கிக் கணக்கைத் திறப்பதும் இதே குரோமில்தான். ஆபத்தா?

பதில்: கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலைதான் உங்கள் ஏஜெண்ட்டுக்கு. கோப்பைத் திருத்தத் தெரியும். திருத்திய பக்கம் உலாவியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முடியாது. ஆகவே அதன் "சரிசெய்துவிட்டேன்" என்பதற்கு "எழுதிவிட்டேன்" என்று மட்டுமே பொருள்.

வழி உண்டு. கூகுள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட குரோம் டெவ்டூல்ஸ் எம்சிபி ஒன்று, மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபி இன்னொன்று. இரண்டுமே இலவசம், அவற்றை ஓட்டக் கணினியில் நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். எம்சிபி என்பது ஏஜெண்ட்டுகள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்காக ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய பொது நெறிமுறை. உங்கள் வேலைக்கு முதலாவதே போதும். ஐபோன் வாடிக்கையாளர்கள் மட்டும் புகார் செய்தால் பிளேரைட்டுக்குப் போங்கள். அதில் ஐபோனின் சஃபாரி உலாவிக்கு அடிப்படையான வெப்கிட் இயந்திரமும் உண்டு. அதுவும் அசல் ஐபோன் ஆகிவிடாது, கிட்டத்தட்ட என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏஜெண்ட்டே ஒரு குறுக்குவழியைச் சொல்லக்கூடும்: பக்கத்துக்குள் நாலு வரி போட்டு, கன்சோலுக்குப் போகும் செய்திகளை வேறு கோப்புக்குத் திருப்பிவிடலாம் என்று. வேண்டாம். கன்சோலில் தெரிவதெல்லாம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. உங்கள் நிரல் தானாக எழுதும் குறிப்புகள் ஒரு வகை. யாரும் பிடிக்காமல் வெடிக்கும் பிழைகள் இன்னொரு வகை. கோப்பு கிடைக்கவில்லை, வேறு தளத்திலிருந்து எடுக்க அனுமதியில்லை என்று உலாவியே போடும் புகார்கள் மூன்றாவது. அந்தக் குறுக்குவழியில் முதல் வகைதான் சிக்கும். நான் சொன்ன கருவிகளோ உலாவியோடு நேராகப் பேசுவதால் மூன்றையும் கேட்கின்றன.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'சில சமயம்' என்ற சொல். எப்போதுமே வேலை செய்யாத பொத்தான் சுலபமான கேஸ். சில சமயம் என்றால் என் முதல் சந்தேகம் நேரத்தின் மேல்தான்: பொருள்களின் விலைப் பட்டியல் வந்து சேருமுன் வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திவிடுகிறார். இன்னும் வராத பொருளிடம் விலையைக் கேட்டால் நிரல் அங்கேயே விழும். கடை வைஃபையில் உட்கார்ந்து சோதித்தால் இது தெரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே கைப்பேசியில் திறப்பவருக்குத்தான் தெரியும். இந்தக் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதி உண்டு. ஏஜெண்ட்டிடம் இப்படிக் கேளுங்கள்: "மெதுவான 3ஜி வேகத்தில் பக்கத்தைத் திற. படிவத்தை நிரப்பு. பட்டியல் வருமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை பொத்தானை அழுத்து. இரண்டுக்கும் கன்சோலில் வந்த பிழைகளையும் எச்சரிக்கைகளையும் மட்டும் காட்டு. அதற்குப் பிறகு திருத்து."

'மட்டும்' என்று சொல்லாவிட்டால் விளம்பரமும் சாட் பெட்டியும் கொட்டும் நூற்றுக்கணக்கான வரிகளை அது படித்துக்கொண்டிருக்கும். படிக்கும் எழுத்தை டோக்கன் என்ற அளவில் எண்ணிப் போடும் காசு உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கன்சோல் சுத்தமாக இருந்தால் பக்கம் நலம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிழையைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிடும் நிரலை ஏஜெண்ட்டுகள் தாராளமாக எழுதுகின்றன. ஒரு முறை இதில் நானே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். சர்வர் "வெற்றி" என்று 200 குறியீட்டை அனுப்பி, உள்ளே "ஸ்டாக் இல்லை" என்று எழுதியிருந்தது. கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. அதனால் பக்கம் சர்வருக்கு அனுப்பியதும் பெற்றதும் தெரியும் நெட்வொர்க் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ் பக்கத்துக்குப் போய்விட்டால், முந்தைய பக்கத்தின் செய்திகள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பழைய செய்திகளையும் சேர்த்துத் தரும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

இனி வங்கி விஷயம். ஆபத்துதான். இந்தக் கருவி பார்ப்பதையெல்லாம் ஏஜெண்ட்டும் பார்க்கும். குரோமே 136ஆம் பதிப்பிலிருந்து, உங்கள் உள்நுழைவுகள் இருக்கும் அன்றாட புரொஃபைலை, வெளிக் கருவிகள் உலாவியை இயக்கும் வாசலான டீபக்கிங் போர்ட் வழியாகத் திறந்துவிட மறுக்கிறது. நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் குக்கீகளின் திருட்டுத்தான் காரணம். டெவ்டூல்ஸ் எம்சிபி இயல்பாகவே தனக்கென்று ஒரு புரொஃபைலை வைத்துக்கொள்ளும். 'ஐசொலேட்டட்' என்ற தேர்வைச் சேர்த்தால் மூடும்போது அதையும் அழித்துவிடும். அப்படியே ஓடவிடுங்கள், உங்கள் புரொஃபைலோடு இணைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் கட்டும் பகுதியைச் சோதனை முறையில் மட்டும் ஓட்டுங்கள். வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், மைகார்ட் எண் எதையாவது நிரல் கன்சோலில் எழுதுகிறதா என்றும் தேடச் சொல்லுங்கள். எழுதினால் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். சோதனைக்குப் பொய்ப் பெயர்களே போதும்.

இன்னொன்று: கன்சோலில் வெளியார் நிரலும் எழுதலாம். "இந்தக் கட்டளையைச் செய்" என்று அங்கே ஒரு வரி இருந்தால், அதை உங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் ஏஜெண்ட்டும் உண்டு. கோப்பை அழிப்பது, எதையாவது நிறுவுவது போன்றவற்றுக்கு அது உங்களிடம் அனுமதி கேட்கும்படி அமைத்துவையுங்கள்.

இதையெல்லாம் அமைக்கும் வரை படம் பிடிக்காதீர்கள். கன்சோலில் வலது கிளிக் செய்து செய்திகளைக் கோப்பாகச் சேமிக்கலாம். சேமிக்குமுன் சிவப்பு வரியின் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி விரித்துவிடுங்கள். எந்தெந்தக் கோப்பின் எந்தெந்த வரி வழியாகப் பிழை வந்தது என்ற விவரம் அதற்குள் இருக்கும்.