தோட்டத்தில் இரவுக் காவல் குழு அமைக்கலாமா?

'ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் கோழியும் மரக்கறியும் களவு போகின்றன. இளைஞர்கள் சேர்ந்து விழிப்புக் குழு அமைத்தால் பயன் உண்டா, சட்டம் இடம் தருமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அமையுங்கள். ஆனால் கம்பு வெட்டப் போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு வருடம் இரவுக் காவல் நடந்தவன் நான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு கள்ளனைக்கூட நாங்கள் பிடிக்கவில்லை. களவு குறைந்தது உண்மை. கோழி விஷயத்தில் பாதிப் பழி கீரியைச் சேரும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை மூன்று மணி இருக்கும். இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வளைவில் பனிமூட்டம். ஒருவன் தோளில் மூட்டையோடு குறுக்குப் பாதையில் ஏறுகிறான். எங்களில் ஒருவன் சிங்களத்தில் "கவுத?" என்று அதட்டினான். அவனும் சிங்களத்திலேயே ஏதோ சொன்னான். அவ்வளவுதான், ஆறு பேரும் சூழ்ந்துவிட்டோம். ஒரு கம்பு ஓங்கியும் ஆகிவிட்டது. அப்போது பணிய லயத்து (கீழே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய் ஒன்று ஓடிவந்து, குரைக்காமல், அவன் காலைச் சுற்றி வாலை ஆட்டியது. டோர்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்தால், கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம் லயத்துப் பையன். இரவுத் தபால் ரயிலில் வந்து இறங்கி, த்ரீவீலருக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் நடந்திருக்கிறான். மூட்டையில் தங்கைக்குத் துணி.

2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் தாக்குகிறார்கள் என்ற 'கிறீஸ் பூதம்' பீதியில் நாடே நடுங்கியபோது ஊவா மாகாணத்தில் இரண்டு பேரைச் சந்தேகத்தின் பேரிலேயே அடித்துக் கொன்றார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் ஊரைக் காக்கத்தானே கிளம்பியிருப்பார்கள்? அந்தப் பையனைச் சூழ்ந்த அன்று இதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கம்புகளைக் கோயில் மடத்தில் போட்டுவிட்டு டோர்ச், விசில் இரண்டோடு நடந்தோம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, பொலிஸார் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்பவரைச் சாதாரண ஆளும் பிடிக்கலாம்; தாமதிக்காமல் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ கட்டிவைத்து விசாரிக்கவோ உரிமை இல்லை. குழுவில் உள்ளவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த இரவு யார் என்பதையெல்லாம் கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைக் கிராம சேவகரிடமும் பொலிஸிலும் கொடுங்கள். அங்கே தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் யார், எப்போது கடமையில் இருப்பார் என்று முன்பே கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. குடித்தவனை வரிசையில் சேர்க்காதீர்கள், அவன் தலைவரின் மருமகனாக இருந்தாலும்.

நேரத்திலும் நாங்கள் பிழை விட்டோம். இரவு பத்து முதல் நாலு வரை வீராப்பாகச் சுற்றினோம். ஒருநாள் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, ஊரே தூங்கும்போது நடக்கிறீர்களே, டியூஷன் முடிந்து என் மகள் ஆறரைக்கு அந்த இருட்டுப் பாதையில் வரும்போது எங்கே போகிறீர்கள்?" பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு மாலை ஆறு முதல் எட்டு வரை இருவர் பஸ் நிற்கும் சந்தியிலேயே நின்றோம். என்னைக் கேட்டால், நாங்கள் செய்த உருப்படியான காவல் அதுதான்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயங்களே புதைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் கிளம்பத் தயார், 150 என்றால் வெளியேற்றம். தோட்டத்து ஆபீசில் மழைமானி இருந்தால் அளவைக் கேட்டு எழுதுங்கள். எங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மேட்டு லயத்தில் நடக்க முடியாத மூன்று பேரின் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்களை யார் தூக்குவது என்று இரண்டு பேரின் பெயர்.